பதினான்காம் நிமிடத்து மேடு

அப்பா அம்மா வைத்த பெயர் கல்லூரியின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. முதல்வரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லாருக்கும் அவர் கேபிள். வகுப்பில் மின்விசிறி முரண்டு பிடித்தாலும் சரி, கூட்ட அரங்கில் மைக் ஊளையிட்டாலும் சரி, "கேபிளைக் கூப்பிடு" என்பார்கள். இடுப்பில் வோல்ட் பார்க்கும் மீட்டரும் தோளில் சுருட்டிய வயருமாக வருவார், ஏணியில் ஏறுவார், இறங்குவார், போய்விடுவார். இருபத்து நான்கு வருடங்களாக இதுதான் கதை. அவர் வந்தால் யாரும் கவனிப்பதில்லை. வராவிட்டால் மட்டும் ஊரே கவனிக்கும்.

அதே கல்லூரியில் அவர் மாணவராகவும் இருந்தவர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது? மின்பொறியியல் இரண்டாம் ஆண்டு, சர்க்யூட் தாள். மூன்று தடவை எழுதினார், மூன்று தடவையும் மண்ணைக் கவ்வினார். நான்காவது தடவை தேர்வு நடந்த நாளில், அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். தற்காலிக வேலை என்றுதான் சேர்ந்தார். அப்படியே தங்கிவிட்டார். "உன் மண்டைக்கு இதுவே அதிகம்" என்று அவருடைய அண்ணன் சொன்னான். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனாலும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அவரைக் கவிழ்த்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே பக்கமாக ஓடுவதில்லை. முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடுகிறது. மேலே 325 வோல்ட் வரை ஏறும், கீழேயும் அதே 325 வரை இறங்கும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பூஜ்ஜியம்தானே வரும்? பூஜ்ஜியம் என்றால் பல்பு எப்படி எரிகிறது? மீட்டரை வைத்தால் 230 என்று காட்டுகிறதே, அது எங்கிருந்து குதித்தது? வகுப்பில் இதற்குப் பதில் சொல்லப்பட்டதாம். அவர் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த பாடமெல்லாம் அந்தப் பதிலின் மேல்தான் நின்றது. பாவம், அவர் கீழே நின்றுவிட்டார். அந்த 230 மட்டும் தினமும் பத்துத் தடவை அவர் இடுப்பு மீட்டரில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகும்.

அந்தப் பாடத்தை அன்றைக்கு நடத்தியவரும் இன்றைக்கு நடத்துகிறவரும் ஒருவர்தான். மாணவர்கள் அந்த மேடத்துக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். முப்பத்திரண்டு வருட அனுபவம். எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார். வலது கையில் சாக்பீஸ், இடது கையில் டஸ்டர். வலது கை எழுத எழுத இடது கை பின்னாலேயே அழித்துக்கொண்டு வரும். கெட்டிக்காரர், நேர்மையானவர், ஒரு நாள்கூடத் தாமதமாக வகுப்புக்கு வந்ததில்லை. ஒவ்வொரு பலகை முடிவிலும் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். யாரும் கை தூக்க மாட்டார்கள். புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மேலே போவார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு கல்லூரி நிர்வாகத்துக்கு ஞானோதயம் வந்து, எல்லா வகுப்பு அறைகளிலும் கேமரா மாட்டியது. பாடம் நடக்க நடக்கப் பதிவாகும். மாணவர்கள் வீட்டிலோ பஸ்ஸிலோ போனில் போட்டு மறுபடி பார்க்கலாம். உடைந்த நாற்காலிகள் குவிந்திருந்த கிடங்கைக் காலி செய்து, பதிவு அறை என்று பலகை மாட்டி, கேபிளை உள்ளே உட்கார வைத்தார்கள். நான்கு திரைகள், ஒரு ஹெட்போன், குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. ஏணியில் ஏறி இறங்கிய மனிதருக்கு முதல்முறையாக ஒரு நாற்காலி கிடைத்தது. அவர் அதைத் தினமும் துடைத்தார்.

இந்த இடத்தில்தான் அவருடைய மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பெண். எட்டு வயதிலேயே இஸ்திரிப்பெட்டிக்கு ப்ளக் மாட்டியவள். சண்டை போட்டு அதே கல்லூரியில் அதே மின்பொறியியலில் சேர்ந்து, இப்போது இரண்டாம் ஆண்டு. சர்க்யூட் தாளில் இரண்டு உள்தேர்விலும் ஃபெயில். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு காகிதத்தை அப்பாவின் முன்னால் வைத்தாள். துறை மாறும் விண்ணப்பம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் பெற்றோர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் மின்பொறியியல் அவளுக்கு அத்தோடு முடிந்தது.

"கையெழுத்து போடுப்பா."

"இன்னொரு தடவை படிச்சுப் பாரேன்டா."

"எத்தனை தடவைப்பா? அது என் மண்டையில ஏற மாட்டேங்குது. நம்ம வீட்டு மண்டைக்கே ஏறாது போல."

மனைவி ஒரு ரெடிமேட் கடைக்குத் துணி வெட்டிக் கொடுப்பவர். மேஜை நிறையத் துணி விரித்து, வாயில் சாக் துண்டைக் கவ்விக்கொண்டு நின்றிருந்தார். அதை எடுத்துவிட்டு, "விடுங்களேன். உங்களுக்கு வராதது அவளுக்கு எப்படி வரும்?" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நீளம் போதாத துணியைப் பார்த்து நீளம் போதாது என்று சொல்வதைப்போல் சொன்னார்.

கேபிள் மகளின் முகத்தைப் பார்த்தார். நிறத்தைக் கொடுத்தேன், மூக்கைக் கொடுத்தேன், இதையும் கொடுத்துவிட்டேனா? காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, "நாளைக்குப் போடறேன்" என்றார். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னார்.

புதன்கிழமை காலை, பதிவுகளை வைக்க இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கக் கம்ப்யூட்டரைத் திறந்தார். அதே பக்கத்தில், கீழே ஒரு கோட்டுப் படம் இருந்தது. மூன்று வருடங்களாக அங்கேயேதான் இருந்தது; யாரும் அதற்கு அர்த்தம் சொல்லித் தராததால் அவர் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தார். அன்றைக்கு ஏனோ கண் அங்கே போனது. எக்ஸ்பிரஸ் மேடத்தின் ஏழாவது பாடம். பாடத்தின் எந்த நிமிடம் எத்தனை தடவை திருப்பி ஓட்டப்பட்டது என்பதுதான் கோடு. கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது. பதினான்காம் நிமிடத்தில் செங்குத்தாக எழுந்து ஒரு மேடு. பிறகு மறுபடி தரை. வகுப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அந்த ஒரு நிமிடம் மட்டும் ஆயிரத்து எண்ணூறு தடவைக்கு மேல் ஓடியிருந்தது.

மனிதர் என்ன நினைத்தார் தெரியுமா? மைக் போச்சு என்று நினைத்தார். வயர்க்காரனுக்கு உலகத்தில் எது கோணலாகத் தெரிந்தாலும் காரணம் வயர்தான். அந்த இடத்தில் சத்தம் விட்டுப்போயிருக்கும், பிள்ளைகள் காது கேட்காமல் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பார்கள் என்று முடிவு கட்டினார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார், மைக்கைக் கழற்றினார், வயரை முழு நீளத்துக்கும் சோதித்தார், பற்றவைத்த இடங்களை எல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தார். ஒரு குறையும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே இருந்தது. கடைசியில்தான், சரி கேட்டுத்தான் பார்ப்போமே என்று ஹெட்போனை மாட்டினார். குரல் கணீரென்று இருந்தது. அப்புறம்தான் படத்தைப் பார்த்தார்.

பதினான்காம் நிமிடம். மேடத்தின் வலது கை ஒரு வரியை எழுதியது. தோள் அதை மறைத்தது. தோள் விலகியபோது இடது கை டஸ்டரோடு வந்துவிட்டது. அந்த வரி பலகையில் உயிரோடு இருந்தது நான்கே விநாடிகள். "புரிஞ்சுதா?" என்றது குரல். வெறும் பலகை.

கேபிள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அந்த இடம் அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், நான்காவது பெஞ்சின் ஓரத்தில், அவர் தொலைந்துபோன இடம் அது. சராசரி பூஜ்ஜியம் என்பதற்கும் 230 என்பதற்கும் நடுவில் இருக்கும் வரி.

போன வருடத்துப் பதிவைத் திறந்தார். பதினைந்தாம் நிமிடத்தில் மேடு. அதற்கு முந்தைய வருடம், பதினான்கு. வேறு வேறு பிள்ளைகள், வேறு வேறு வீடுகள். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொருவரும் தனியாகத் தன் போனைப் பிடித்துக்கொண்டு, தனக்கு மட்டும்தான் மண்டை இல்லை என்று நினைத்தபடி, அதே நான்கு விநாடியைத் திருப்பியிருக்கிறார்கள். யார் என்று பெயர் கிடையாது, வெறும் எண்கள். ஓர் எண் நாற்பத்தொரு தடவை பார்த்திருந்தது. நாற்பத்தொரு தடவை. வகுப்பில் கை தூக்காத அத்தனை பேரும் இதோ கை தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், மூன்று வருடங்களாக நிற்கிறார்கள், நாம் வாளியில் தண்ணீர் நிரம்பிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இதுதான் அவர் நினைத்தது. நாற்காலியில் அப்படியே சாய்ந்து, கண் கலங்கியதைக்கூடத் துடைக்காமல், அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை அழகான ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை.

சரி, பார்த்தாயிற்று. இதை யார் போய்ச் சொல்வது? எக்ஸ்பிரஸிடம், உங்கள் பாடத்தில் ஓட்டை என்று, அவரிடமே மூன்று தடவை ஃபெயிலான எலக்ட்ரீஷியன் சொல்வதா? கேபிள் மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவையும் இறங்கினார். மூன்றாவது தடவை சட்டைப்பையில் அந்தக் காகிதம் உறுத்தியது. ஏறிவிட்டார்.

மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன கேபிள், மைக் கோளாறா?"

"மைக் நல்லா இருக்கு மேடம்."

"பின்ன?"

"மைக் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று மறுபடி சொன்னார்.

மேடம் பேனாவை வைத்தார். "மைக் நல்லா இருக்குன்னு சொல்ல ரெண்டு மாடி ஏறி வந்தீங்களா?"

"ஒரு அஞ்சு நிமிஷம் கீழே வர முடியுமா மேடம்? ஒண்ணு காட்டணும்."

எதற்கு என்று கேட்காமல் எழுந்து வந்தார். பதிவு அறையில் அவருக்கு நாற்காலியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு கேபிள் நின்றுகொண்டார். கோட்டைக் காட்டினார், மூன்று வருடத்து மேடுகளையும் காட்டினார். பிறகு பதினான்காம் நிமிடத்தை ஓட்டினார். ஒரு தடவை. மேடம் கையைக் காட்ட, இன்னொரு தடவை. திரையில் இடது கை வந்து துடைத்துவிட்டுப் போனது.

வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம்தான் கேட்டது.

"நான் கேக்கறேனே" என்றார் மேடம் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "ஒவ்வொரு வருஷமும் புரிஞ்சுதான்னு கேக்கறேனே. ஒருத்தர்கூடக் கை தூக்கினதில்லையே."

"கேக்கும்போது பலகையில ஒண்ணும் இருக்காது மேடம். எதைக் காட்டி புரியலைன்னு சொல்றது?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் உங்ககிட்ட படிச்சவன்தான் மேடம். நாலாவது பெஞ்சு."

மேடம் முதல்முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். நினைவு வரவில்லை, வந்ததாக நடிக்கவும் இல்லை. விரல்விட்டு எதையோ எண்ணினார், பாதியில் நிறுத்தினார். வருடங்களைத்தான் எண்ணியிருப்பார். "நாளைக்கு மத்தியானம் எனக்கு வகுப்பு இல்லை. ஏழாவது பாடத்தை மறுபடி எடுக்கலாமா?" என்றார். கேபிள் தலையாட்டினார். தலையாட்டிவிட்டேனா என்று சந்தேகம் வந்து, மறுபடியும் ஆட்டினார்.

வியாழன் மத்தியானம் பெரிய வகுப்பறை காலியாக இருந்தது. இரண்டு பேர், இருநூற்றுச் சொச்சம் இருக்கைகள். கேபிள் கேமராவை இந்தத் தடவை பலகையின் பக்கவாட்டில் இறக்கி மாட்டியிருந்தார். தோள் எங்கே போனாலும் எழுத்து தெரியும். பொத்தானை அமுக்கிவிட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எங்கே போறீங்க? காலி பெஞ்சைப் பார்த்துப் பாடம் எடுக்க எனக்கு வராது. உக்காருங்க" என்றார் மேடம். பிறகு ஏதோ யோசித்து, இடது கையிலிருந்த டஸ்டரை நீட்டினார். "இது உங்ககிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் தராதீங்க."

கேபிள் நான்காவது பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். டஸ்டர் மடியில்.

பாடம் ஆரம்பித்தது. அலை வரைந்தார், மேலே 325, கீழே 325. கூட்டினார், பூஜ்ஜியம். பதினான்காம் நிமிடம் வந்தது. மேடம் அந்த வரியை எழுதினார். பழக்க தோஷம், இடது கை வெறுங்கையாகவே பலகைக்கு ஒருதரம் போய்விட்டு வந்தது. வரி அங்கேயே இருந்தது. ஒவ்வொரு அளவையும் அதே அளவால் பெருக்கு, அதாவது வர்க்கப்படுத்து. அப்புறம் சராசரி எடு. அப்புறம் வர்க்கமூலம்.

"புரிஞ்சுதா?"

கேபிள் பலகையையும் கேமராவையும் பார்த்தார். நாற்பத்தாறு வயது ஆள், வாளித் தண்ணீரைக் கொட்டுகிற ஆள், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. கையைத் தூக்கினார். கையில் டஸ்டர் இருந்தது.

"புரியலை மேடம். எதுக்கு வர்க்கப்படுத்தணும்? சும்மா இருக்கறதை எதுக்கு அதாலேயே பெருக்கணும்?"

இந்தக் கேள்வியை முப்பத்திரண்டு வருடங்களில் யாரும் கேட்டதில்லை. மேடம் சாக்பீஸை வைத்துவிட்டுப் பலகைக்கு முன்னால் வந்தார். "ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேயுங்க" என்றார்.

கேபிள் தேய்த்தார். மேடமும் தேய்த்தார்.

"முன்னால போகும்போது சூடாகுதா?"

"ஆகுது."

"பின்னால வரும்போது?"

"அப்பவும் ஆகுது."

"முன்னால போனது ப்ளஸ், பின்னால வந்தது மைனஸ். கை போன தூரத்தைக் கூட்டினா பூஜ்ஜியம், கிளம்பின இடத்துக்கே வந்துட்டோம். ஆனா சூடு பூஜ்ஜியமா? பல்புக்குத் திசை முக்கியம் இல்லை, சூடுதான் முக்கியம். மைனஸை மைனஸால பெருக்கினா என்ன?"

"ப்ளஸ்" என்றார் கேபிள். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குள் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. வர்க்கப்படுத்தியதும் கீழே கிடந்த பாதி அலை எழுந்து மேலே வந்துவிடுகிறது. இனி எதுவும் எதையும் அழிக்காது. சராசரி எடுத்தால் 325-இன் வர்க்கத்தில் சரிபாதி. வர்க்கமூலம் எடுத்தால்... மேடம் பலகையில் போட்டுக்கொண்டே போனார், 229.8 என்று எழுதி அடிக்கோடு இட்டார். இருநூற்று முப்பது. தினமும் பத்துத் தடவை முகம் காட்டிவிட்டுப் போன ஆள், இருபத்தாறு வருடங்கள் கழித்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான். கேபிள் கூரையைப் பார்த்தார், எரிகிற விளக்குகளைப் பார்த்தார். இவ்வளவு நாளும் அவர் மாட்டிய ஒவ்வொரு விளக்கிலும் இதுதான் நடந்துகொண்டிருந்தது, நொடிக்கு ஐம்பது தடவை, யாருக்கும் சொல்லாமல். அவர் சூடான உள்ளங்கைகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

பதிவை முடித்ததும், "என் குரல் வர்ற இடத்தை வெட்டிடறேன் மேடம்" என்றார்.

"வெட்டினா நான் சும்மா விடமாட்டேன்" என்றார் எக்ஸ்பிரஸ். "அதுதான் பாடமே."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகளிடம், "ஏழாவது பாடம் புதுசா ஏத்தியிருக்கு, பாரு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் வேண்டாவெறுப்பாகக் காதில் மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் சாய்ந்தாள். கேபிள் கை கழுவப் போனார், வந்தார், மறுபடி கழுவப் போனார். எட்டு, ஒன்பது, பத்து என்று கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை எண்ணினார். பதினான்கில் மகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்பா, இது உன் குரல்."

"ம்."

"நீயா கேட்ட? மேடம்கிட்டயா? எக்ஸ்பிரஸ்கிட்டயா?"

"புரியலை, கேட்டேன்."

மனைவி கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பார்த்தார். மகள் போனை இடுக்கிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்தாள். நிறுத்தினாள், மறுபடி தேய்த்தாள். முகம் மெல்ல மாறியதைக் கேபிள் பார்த்தார். தன் முகம் மத்தியானம் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

"பழைய பாடத்துல இந்த இடத்தை எத்தனை தடவை பார்த்திருக்கேன் தெரியுமா?"

"நாற்பத்தொண்ணு."

"அவ்வளவெல்லாம் இல்லப்பா. பதினஞ்சு இருக்கும்."

அப்படியானால் அந்த நாற்பத்தொன்று வேறு யாரோ. இந்நேரம் அந்தப் பிள்ளையும் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு வாசலில் சாய்ந்துகொண்டு கையைத் தேய்க்குமா? நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்று கேபிள் நினைத்துக்கொண்டார்.

"அந்த ஃபாரம் எங்கப்பா?"

அவர் முகம் வாடியது. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று நாள் வியர்வையில் மடிப்புகள் நைந்திருந்தன. மகள் அதைத் துணி வெட்டும் மேஜையில் விரித்தாள், நீவினாள். பிறகு திருப்பிப் போட்டாள். அம்மாவின் பென்சிலை எடுத்துக் காகிதத்தின் வெற்றுப் பக்கத்தில் ஓர் அலை வரைந்து, 325 என்று எழுதி, வர்க்கப்படுத்தி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுத்தாள். ஓரிடத்தில் தப்பு வந்தது. அடித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். 229.8 வந்தது.

"மீட்டரைக் குடுப்பா" என்றாள்.

சுவரில் இருந்த ப்ளக் பாயிண்ட்டில் வைத்தாள். எண் 231 என்று காட்டி, ஆடி, 230-இல் நின்றது. மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்தார்கள். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பார்த்தார். பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லுங்களேன்" என்றார். மகள் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளங்கைகளை ஒன்றோடொன்று சேர்த்துவைத்தாள். மேஜையில் காகிதம் குப்புறக் கிடந்தது. மறுநாள் காலை பத்து மணி வந்து போனது. அது அங்கேயேதான் கிடந்தது.